பால் வடியும் நேரம்

புக்கிட் காசிங் குன்றில் ஏறி இறங்கிவிட்டு வீடு திரும்பிய ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் இந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. ஒன்றரை மணி நேர நடை. சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. நேரே சமையலறைக்குப் போய் மைலோ டின்னைத் திறந்தேன். ஜிம்முக்குப் போய்வரும் என் மகன் கையைப் பிடித்துத் தடுத்தான். "மைலோ வேண்டாம்மா. அரை மணி நேரத்துக்குள்ள புரோட்டீன் எடுக்கணும். அதைத் தாண்டிட்டா நடந்ததே வீணு." கூடத்தில் உட்கார்ந்திருந்த என் அம்மா அங்கிருந்தே குரல் கொடுத்தார்: "முதல்ல வேர்வை அடங்கட்டும்டா. அதுக்குள்ள என்ன அவசரம்?"

மூவரும் உறுதியாகப் பேசினோம். மூவரில் ஒருவருக்கும் தான் சொல்வது எங்கிருந்து வந்தது என்று தெரியாது. உடம்பு அலுத்து வந்ததும் எதைச் சாப்பிட வேண்டும் என்பதை நமக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? அன்றிலிருந்து ஒவ்வொரு பதிலாகப் பின்னால் போய்ப் பார்க்க ஆரம்பித்தேன்.

என் பதிலிலிருந்தே தொடங்கினேன். எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது ஒரு பச்சை வேன். மலேசியாவில் தமிழ்ப்பள்ளியில் படித்த யாரைக் கேட்டாலும் விளையாட்டுப் போட்டி நாளன்று திடலோரம் நின்ற மைலோ வேனைப் பற்றிச் சொல்வார்கள். குறுக்கோட்டம் ஓடி, மூச்சு வாங்க வந்து வரிசையில் நின்றால் சின்னக் காகிதக் குவளையில் சில்லென்று ஒரு மிடறு கிடைக்கும். குவளையைக் கசக்கிவிட்டு மறுபடி வரிசைக்கே போவோம். அந்த ருசி வீட்டில் எவ்வளவு கலக்கினாலும் வந்ததில்லை. ஓட்டத்துக்குப் பின் மைலோ என்பது அப்படித்தான் எனக்குள் பதிந்தது. டின்னில் பந்து உதைக்கும் பிள்ளையின் படம் அதை இன்னும் அழுத்திவிட்டது.

மைலோ பிறந்த இடம் ஆஸ்திரேலியா. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் ஸ்மித்டவுன் என்ற சிற்றூரில் நெஸ்லே நிறுவனத்துக்கு வேலை பார்த்த தாமஸ் மேய்ன் என்பவர் அதை உருவாக்கினார். 1934இல் சிட்னி ஈஸ்டர் கண்காட்சியில் மக்கள் முன் வைத்தார்கள். உலகப் பொருளாதார வீழ்ச்சியில் வேலையிழந்த குடும்பங்கள் தவித்த காலம் அது. பிள்ளைகளுக்குப் போதிய சத்துக் கிடைக்கவில்லை என்ற கவலை இருந்தது. பார்லி மால்ட், பால், கொக்கோ, சர்க்கரை ஆகியவற்றோடு விட்டமின்களும் தாதுக்களும் சேர்ந்த மாவு அந்தக் கவலைக்கு ஒரு பதிலாக வந்தது.

பெயர் இன்னும் பழையது. தென் இத்தாலியில் கிரேக்கர்கள் குடியேறிய கிரோட்டன் நகரத்து மல்யுத்த வீரன் மைலோ. கி.மு. 6ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவன். ஒலிம்பிக்கில் ஆறு முறை வென்றவன். ஒரு கன்றுக்குட்டியைத் தினமும் தோளில் தூக்கி நடந்தானாம். கன்று வளர வளர அவன் பலமும் வளர்ந்து, கடைசியில் முழுக் காளையையே சுமந்தானாம். பாரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும் என்று ஜிம் பயிற்சியாளர்கள் விளக்கும்போது இன்றும் இந்தக் கதையைத்தான் எடுக்கிறார்கள். அவன் சாப்பாட்டைப் பற்றியும் பழைய கிரேக்க நூல்கள் எழுதி வைத்திருக்கின்றன: கூடை கூடையாக ரொட்டியும் இறைச்சியும், குடம் நிறைய மதுவும்.

மலாயாவுக்கு மைலோ வந்தது 1950இல். ஆனால் அந்த நிறுவனம் அதற்கு வெகுமுன்பே இங்கே கால் வைத்துவிட்டது. 1912இல் பினாங்கில் ஆங்கிலோ-சுவிஸ் கண்டென்ஸ்ட் மில்க் கம்பெனி என்ற பெயரில் டின் பால் விற்கத் தொடங்கியது. நான் இதைப் படித்தபோது சற்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஆஸ்திரேலியாவில் மைலோவைக் குளிர்ந்த பசும்பாலில் போட்டுக் கலக்குவார்கள். நம் வீடுகளில் சுடுதண்ணீரில் கரைத்து, மேலே டின் பாலை ஊற்றுவோம். டின் பாலில் பாதிக்கு அருகே சர்க்கரை. ஒரே மாவு, இரண்டு நாட்டில் இரண்டு பானம். 2018இல் ஆஸ்திரேலியாவில் மைலோ டின்னில் இருந்த நாலரை நட்சத்திரச் சத்து முத்திரையை நிறுவனமே எடுத்துக்கொண்டதற்கும் இதே விஷயம்தான் காரணம். அந்த நட்சத்திரங்கள் கொழுப்பு நீக்கிய பாலோடு சேர்த்துக் கணக்கிட்டவை. மாவை மட்டும் எடுத்துப் பார்த்தால் ஒன்றரைதான் தேறும்.

1962இல் அந்த நிறுவனம் இந்நாட்டில் தன் முதல் தொழிற்சாலையைத் திறந்தது நான் வாழும் பெட்டாலிங் ஜெயாவில். ஸ்மித்டவுன் வரை தேடிக்கொண்டு போனவளை அந்தத் தேடல் சொந்த ஊருக்கே திருப்பி அனுப்பிவிட்டது.

அப்படியென்றால் என் பதில் 1934இல் சோற்றுக்குத் தட்டுப்பாடு இருந்த ஒரு பிள்ளைக்காக எழுதப்பட்டது. எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. எனக்கு எதுவும் தட்டுப்பாடு இல்லை. 2019இல் சுகாதார அமைச்சு எடுத்த தேசிய ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4 விழுக்காடு. நம் கல்யாண வீட்டுப் பந்தியில் வரிசையாக உட்கார்ந்திருப்பவர்களை மூன்று மூன்றாக எண்ணிப் பாருங்கள். நடந்தபிறகு தசை இரத்தத்திலுள்ள சர்க்கரையை இன்சுலினை அதிகம் எதிர்பாராமலே இழுத்துக்கொள்கிறது. அந்த நல்ல குணம் ஒரு நாள் வரைகூட நீடிக்கும். நடையால் கிடைத்த இந்த வரத்தின் தலையிலேயே வீட்டுக்கு வந்ததும் இரண்டு கரண்டி டின் பாலை ஊற்றுவது எனக்கு இப்போது மனத்துக்கு ஒப்பவில்லை.

ஆனாலும் என் அப்பாவை நினைக்கும்போது அப்படி ஒரேயடியாகச் சொல்லிவிட முடியவில்லை. அவர் இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டவர். தாமான் ஜெயா ஏரியைச் சுற்றி நடந்துவிட்டு ஒருநாள் வாசலிலேயே கை நடுங்க உட்கார்ந்துவிட்டார். நெற்றி முழுக்கக் குளிர்ந்த வேர்வை. அம்மா கலக்கிக்கொடுத்த மைலோதான் அன்று அவரை எழுப்பி நிறுத்தியது. இன்சுலினோ, சர்க்கரையை இறக்கும் சில மாத்திரைகளோ எடுப்பவர்களுக்கு உடற்பயிற்சிக்குப் பின் சர்க்கரை ஆபத்தான அளவுக்குக் கீழே போகலாம். அந்த நிமிடத்தில் இனிப்புத்தான் மருந்து. இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று நம் பெரியவர்கள் ஆளைப் பார்த்துத்தான் சொன்னார்கள்.

அடுத்தது மகனின் அரை மணி நேரம்.

இதன் வேர் ஸ்டாக்ஹோமில் இருக்கிறது. 1966இல் யோனாஸ் பெரிஸ்ட்ரோம், எரிக் ஹுல்ட்மன் என்ற இரண்டு மருத்துவர்கள் தங்கள் உடம்பையே சோதனைக்குக் கொடுத்தார்கள். ஒரே சைக்கிளின் இரு பக்கமும் ஆளுக்கொருவராக உட்கார்ந்து, ஒற்றைக் காலால் மிதித்தார்கள். கால் ஓயும் வரை மிதித்துவிட்டு, மூன்று நாள் மாவுச்சத்து நிறைந்த சாப்பாடு. ஊசியால் தொடைத் தசையில் ஒரு துளி எடுத்துப் பார்த்தபோது, உழைத்த காலில் கிளைகோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பு, சும்மா இருந்த காலைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு ஏறியிருந்தது. இரண்டு கால்களுக்கும் ஒரே சாப்பாடு, ஒரே இரத்தம். உழைத்த தசைதான் கூடுதலாகக் கேட்டு வாங்கிக்கொண்டது. இந்தத் தேடலில் நான் படித்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். கேள்விப்பட்ட அன்று படியேறும்போது என் கால்களையே குனிந்து பார்த்துக்கொண்டேன்.

பிறகு 1988இல் அமெரிக்காவின் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் ஐவியும் அவர் குழுவினரும் சைக்கிள் வீரர்களை எழுபது நிமிடம் மிதிக்கவைத்து, சிலமுறை உடனேயும் சிலமுறை இரண்டு மணி நேரம் கழித்தும் மாவுச்சத்துப் பானம் கொடுத்தார்கள். தாமதித்தபோது கிளைகோஜன் நிரம்பும் வேகம் குறைந்தது. அவசரம் பிறந்தது இங்கேதான். காலையில் ஓட்டி, மாலையில் மறுபடி ஓட்ட வேண்டிய வீரனுக்கு அது பெரிய விஷயம். அடுத்த ஞாயிறுதான் மலையேறப் போகிற எனக்கு ஏழு நாள் இருக்கிறது. வழக்கமான சாப்பாட்டிலேயே கிளைகோஜன் ஒரு நாளில் நிரம்பிவிடும்.

புரோட்டீன் கதை இன்னும் பின்னால் வந்து சேர்ந்தது. 2009இல் கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆறு இளைஞர்களை எடை தூக்கவைத்து முட்டைப் புரதம் கொடுத்துப் பார்த்தார்கள். 20 கிராம் வரை தசை கட்டும் வேலை கூடியது. 40 கிராம் கொடுத்தும் அதற்கு மேல் பெரிதாக ஏறவில்லை. அந்த 20 கிராம் மூன்று முட்டைக்குச் சமமான அளவு. 2013இல் ஷோன்ஃபெல்ட், அராகன், கிரீகர் என்ற மூவர் பல ஆய்வுகளை ஒன்றாக வைத்து அலசினார்கள். தசை வளர்ச்சியில் தெரிந்த வித்தியாசத்துக்குக் காரணம் நாள் முழுவதும் சாப்பிட்ட மொத்தப் புரதத்தின் அளவு. எத்தனை நிமிடத்துக்குள் சாப்பிட்டார்கள் என்பது அல்ல என்று முடிவு வந்தது.

இதை மகனிடம் சொன்னேன். அவன் சண்டைக்கு வரவில்லை. தானும் படித்துவிட்டு வந்து, "வெறும் வயித்துல ஜிம்முக்குப் போனா மட்டும் சீக்கிரம் சாப்பிடறது நல்லதும்மா" என்றான். அது சரி. இரவு முழுக்க வயிறு காலியாக இருந்து, விடியற்காலையில் உழைத்தால் உடம்பு சாப்பாட்டைச் சீக்கிரம் கேட்கும்.

அவன் அதைச் சொன்னதும் எனக்கு அம்மாவின் பதில் ஞாபகத்துக்கு வந்தது. விடியற்காலையில், வெறும் வயிற்றில், ஆண்டுக்கணக்காக உழைத்தவர் எங்கள் வீட்டிலேயே இருக்கிறார்.

அம்மா கிள்ளான் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். பதினைந்து வயதில் பால்வெட்டுக்குப் போனவர். ஒரு மாலை பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். நாலு மணிக்கு எழ வேண்டும். இருட்டோடு பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போய்ப் பெயர் கொடுக்க வேண்டும். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குள் இறங்கினால் மரம் மரமாக ஓட்டம்தான். வெயில் ஏறுவதற்குள் வெட்டிவிட வேண்டும். குளிர்ந்த நேரத்தில்தான் மரத்துக்குள் பால் அழுத்தமாக இருக்கும், நன்றாக வடியும். வெட்டி முடித்ததும் மரத்தில் கட்டிய மங்கு என்ற கிண்ணத்தில் பால் சொட்ட வேண்டும். சொட்டி நின்றபிறகுதான் வாளியைத் தூக்கிக்கொண்டு மறுபடி மரம் மரமாகப் போய்ப் பால் எடுக்க முடியும்.

"அந்த நேரத்துல என்னம்மா செய்வீங்க?"

"வேற என்ன, பசியாறுவோம். வெட்டி முடிச்ச உடனே சாப்பாட்டைத் தொறந்தா எங்கம்மா திட்டும். மேலெல்லாம் வேர்வை, கையெல்லாம் பாலு. கையைக் கழுவி, மரத்துல சாய்ஞ்சு கொஞ்சம் உக்காந்து, வேர்வை அடங்கினதும் தூக்குச் சட்டியத் தொறப்போம். பாலு எப்படியும் வடியணும்ல. அவசரப்பட்டு என்ன ஆகப்போவுது?"

தூக்குச் சட்டியில் முதல்நாள் சோறும் நெத்திலிச் சம்பலும் இருக்கும். சில நாள் ரொட்டியும் பருப்பும். கூடவே பால் போடாத கோப்பி. மைலோ? "அது பிள்ளை பெத்தவங்களுக்கும் காய்ச்சக்காரங்களுக்கும்." டின் காலியான பின் எங்கள் பாட்டி அதில் கொண்டைக்கடலை போட்டு வைத்திருந்தாராம். மாமா சிலம்பம் பழகிவிட்டு வரும் மாலைகளில் அதிலிருந்து ஒரு பிடி எடுத்து ஊறவைத்தது கிடைக்கும். மலாய்க்காரர்கள் கொண்டைக்கடலைக்கு வைத்த பெயர் 'கச்சாங் குடா', குதிரைக் கடலை. நூறு கிராம் உலர்ந்த கடலையில் ஏறக்குறைய 20 கிராம் புரதம். அந்த ஆறு இளைஞர்களுக்குப் போதுமாயிருந்த அதே அளவு. ஒரு பிடிக் கடலை அதில் மூன்றில் ஒரு பங்கைத் தரும். மிச்சத்தை முட்டையிலோ தெம்பேயிலோ பருப்பிலோ எடுத்துக்கொள்ளலாம்.

மலேசியத் தமிழர் நாம் காலைச் சாப்பாட்டைப் பசியாறுதல் என்றுதான் சொல்கிறோம். தோட்டத்தில் அந்தச் சொல்லுக்கு முன்னால் எப்போதும் நாலைந்து மணி நேர உழைப்பு இருந்திருக்கிறது. வேர்வை அடங்கட்டும் என்ற விதியை ஏதோ பழைய வைத்திய வாக்கு என்று நினைத்திருந்தேன். எங்கள் வீட்டுக்கு அது வந்த வழி இதுதான் என்று இப்போது நம்புகிறேன். மரத்திலிருந்து பால் வடிந்து முடியும்வரை கிடைத்த ஓய்வு, சாப்பாட்டின் முறையாகிவிட்டது. உடம்புக்கும் அது ஒத்துப்போகிறது. கடுமையாக உழைக்கும்போது இரத்தம் குடலை விட்டுத் தசைக்கும் தோலுக்கும் போய்விடும். அது திரும்பி வருவதற்குள் திடச் சாப்பாட்டை இறக்கினால் வயிறு முரண்டு பிடிக்கும். தண்ணீர் மட்டும் உடனே குடிக்கலாம்.

கடைசியாக ஒன்று. பெட்டாலிங் ஜெயாவே ஒரு ரப்பர்த் தோட்டத்தின் மேல் எழுந்த ஊர். கோலாலம்பூரின் நெரிசலைக் குறைக்க 1952இல் எஃபிங்ஹாம் தோட்டத்தின் 1,200 ஏக்கர் நிலத்தில்தான் இந்த நகரைத் தொடங்கினார்கள். என் மகனின் ஜிம்மும், நான் தோசை வாங்கும் கடையும் இருக்கும் இந்த ஊரில் ஒரு காலத்தில் நிரை நிரையாக மரங்கள் நின்றன.

போன மாதம் அம்மாவைக் கைத்தாங்கலாகப் புக்கிட் காசிங்கின் கீழ்ப்பாதைக்குக் கூட்டிப்போனேன். மகனும் வந்தான். காட்டுக்குள் கொஞ்ச தூரத்திலேயே அம்மா நின்றுவிட்டார். காட்டு மரங்களுக்கிடையே ஒரு பழைய ரப்பர் மரம். பட்டையில் சரிவான வெட்டுத் தழும்பு முண்டு முண்டாக மூடியிருந்தது. அதன்மேல் உள்ளங்கையை வைத்துத் தடவினார். "நல்லா வெட்டல. காயம் பட்டிருக்கு" என்றார். பிறகு மகனிடம் மணி கேட்டார். ஒன்பதரை என்றான்.

"இந்நேரம் பசியாறியிருப்போம்" என்று சொல்லிவிட்டு, பக்கத்திலிருந்த பலகையில் உட்கார்ந்தார். என் பையில் அவித்த கடலையும் மூன்று வாழைப்பழமும் இருந்தன. எடுக்கப் போனேன். அம்மா கையைக் காட்டினார். வேர்வை அடங்கும்வரை மூவரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.