கிழக்குக் கட்டையும் எங்க ஊர் கருவேலங்காடும்

வெஸ்டர்ன் படம் எடுக்கிறவர்கள் எதற்காக ஸ்பெயின், அரிசோனா என்று அலைகிறார்களோ! அருப்புக்கோட்டையில் திருச்சுழி பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தால் போதும், லொகேஷன் ரெடி. முள்ளுக்காடு, வெடித்துக் கிடக்கிற கரிசல், தண்ணி பார்க்காத கண்மாய், பெயருக்கு ஒரு குண்டாறு. பனைமரம் மட்டும் ஃபிரேமில் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். குதிரை நிற்க வேண்டிய இடத்தில் ஆடு நிற்கும். அதை கிராஃபிக்ஸில் சரி பண்ணிக்கலாம் :-)

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அந்த முள்ளுக்காடே அங்கிருந்து வந்ததுதான். நாம் திட்டித் தீர்க்கிற சீமைக் கருவேலத்தின் பூர்வீகம் மெக்சிகோவும் தென்னமெரிக்காவும். டெக்சாஸில் கௌபாய்கள் மாடு ஓட்டிய 'மெஸ்கீட்' காடு இதற்குச் சித்தப்பா பிள்ளை முறை. அங்கே அந்த விறகில் கறி சுடுகிறார்கள், இங்கே மூட்டம் போட்டுக் கரி எடுக்கிறார்கள். சப்பாத்திக் கள்ளியும் அந்தப் பக்கத்துச் சரக்குதான். ஆக செட் சாமான் எல்லாம் எப்போதோ வந்து இறங்கிவிட்டது. ஹீரோ வரத்தான் லேட்.

ஹீரோவும் வந்தார். ஒளிப்பதிவாளர் கர்ணன் இயக்கி 1972ல் 'கங்கா', 'ஜக்கம்மா' என்று வரிசையாக வந்த படங்களில் குதிரை, துப்பாக்கி, தொப்பி எல்லாம் தமிழ் பேசின. ஜெய்சங்கருக்குத் தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட் பட்டத்தோடு கௌபாய் பட்டமும் சேர்ந்தது. இன்னொரு வழி எங்களுக்கு ரொம்பப் பக்கம், சிவகாசி. பட்டாசும் காலண்டரும் மட்டுமா அங்கே தயாராகிறது? டெக்ஸ் வில்லரும் கேப்டன் டைகரும் லக்கி லூக்கும் லயன், முத்து காமிக்ஸ் வழியாகத் தமிழ் பேசியது அங்கிருந்துதான். இதில் லக்கி லூக் தனி ரகம். தன் நிழலை விட வேகமாகச் சுடுவான் என்று பெயர், ஆனால் துப்பாக்கியைத் தட்டி விடுவதோடு சரி. குதிரை அவனை விடப் புத்திசாலி. ஆஸ்டெரிக்ஸ் எழுதிய கோசினிதான் 1955லிருந்து 1977ல் இறக்கும் வரை இதற்கும் கதை எழுதினார் என்றால் நக்கலுக்குக் கேட்கவா வேண்டும்.

இந்த ரெண்டு வழியும் சந்திக்கிற ஜங்ஷன்தான் 2010ல் வந்த 'இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்'. சிம்புதேவன் படம். அவர் கார்ட்டூன் போட்டு வந்தவர் என்பது ஃபிரேமுக்கு ஃபிரேம் தெரியும். ஹீரோ ராகவா லாரன்ஸ். ஊர் பெயர் ஜெய்சங்கர்புரம், அதை மிரட்டுகிற ஊர் உசாபுரம். (எழுத்துக் கூட்டிப் பாருங்கள், எந்த நாடு என்று தெரியும்.) வில்லன் நாசர், பெயர் கிழக்குக் கட்டை. முதல் தடவை பார்த்தபோது ஏதோ கிராமத்துப் பட்டப்பெயர் என்று விட்டுவிட்டார்கள் எங்கள் ஹாஸ்டலில் பாதிப்பேர். கிளின்ட் ஈஸ்ட்வுட்டைத் தமிழாக்கிப் பாருங்கப்பா என்று சொன்ன பிறகு ஒரு பத்து நிமிஷம் யாரும் படமே பார்க்கவில்லை.

கதை சின்னதுதான். ஊரைக் காப்பாற்ற வேண்டிய வீரன் சிங்கம் செத்துவிட்டான். அவனைப் போலவே இருக்கிற சிங்காரத்தைத் தூக்குக் கயிற்றிலிருந்து காப்பாற்றி, 'நீதான் சிங்கம்' என்று தொப்பி மாட்டிக் குதிரையில் ஏற்றி விடுகிறார்கள். ரெண்டாம் பாதி இழுவை, அதை மறைக்கப் போவதில்லை. ஆனால் அந்தப் பயந்தாங்கொள்ளி வீரன் என்கிற ஐடியா காமெடி வெஸ்டர்னின் உயிர்நாடி.

அமெரிக்க டிவியில் இதை வைத்தே 1957லிருந்து 1962 வரை ஒரு தொடர் ஓட்டினார்கள், 'மேவரிக்'. சண்டை என்றால் நழுவுகிற சீட்டாட்டக்காரன் பிரெட் மேவரிக், நடித்தது ஜேம்ஸ் கார்னர். 1958 நவம்பரில் வந்த எபிசோட் ஒன்று ரொம்பப் பிரசித்தம். சீட்டில் ஜெயித்த 15,000 டாலரை ராத்திரி ஒரு பேங்க் முதலாளியிடம் கொடுத்து வைக்கிறான். காலையில் அந்தப் பெரிய மனுஷன், நீ யாரு என்கிறார். (பைனான்ஸ் கம்பெனியில் போட்டு ஏமாந்தவர்களுக்காக 1997ல் தனிச் சட்டமே போட்ட மாநிலம் நம்முடையது. கதை சுலபமாகப் புரியும்.) பிரெட் துப்பாக்கியைத் தொடவில்லை. தெருவுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து கத்தியால் குச்சி சீவுகிறான். என்னப்பா ஆச்சு என்று ஊரே வந்து கேட்கிறது. வேலை நடந்துக்கிட்டு இருக்கு என்கிறான். நம்ம ஊர்த் திண்ணைப் பெருசு மாதிரியே! அவன் சகோதரனும் கூட்டாளிகளும் சேர்ந்து முதலாளியின் பேராசையை வைத்தே அவரைக் கவிழ்க்கிறார்கள். ஊர் சிரித்தது நாற்காலிக்காரனைப் பார்த்து, நாம் சிரிப்பது கோட்டுப் போட்ட பெரிய மனுஷனைப் பார்த்து.

இரும்புக்கோட்டையிலும் பெரும்பாலும் அடி மேல்பக்கம்தான் விழுகிறது. ஒரு இடத்தில் மட்டும் மாறுகிறது. செவ்விந்தியக் கூட்டம் ஒன்று வரும். எம்.எஸ். பாஸ்கர்தான் தலைவர். அவர் யாருக்கும் புரியாத பாஷையில் பொளந்து கட்டுவார், பக்கத்தில் நிற்கிறவர் மொழிபெயர்ப்பார். படத்திலேயே அதிகம் கைதட்டு வாங்கிய காமெடி அதுதான். பாஸ்கர் பின்னியிருக்கிறார், அதில் சந்தேகமில்லை. ஆனால் எனக்கு அந்த இடத்தில் சிரிப்பு ஓடவில்லை.

காரணம் எங்கள் பழைய ராமநாதபுரம் ஜில்லா. வெள்ளைக்காரன் 1871ல் கொண்டு வந்து, 1911ல் இறுக்கி மெட்ராஸ் மாகாணத்துக்கும் நீட்டிய குற்றப்பரம்பரைச் சட்டத்தை இங்கே கைரேகைச் சட்டம் என்பார்கள். பிறந்த சாதியை வைத்தே குற்றவாளி. பத்து விரலும் ரேகை வைக்க வேண்டும், ஊரை விட்டுப் போனால் சொல்ல வேண்டும், பல ஊர்களில் ராத்திரி ஆஜர். எங்கள் வட்டாரத்திலும் அது பாய்ந்தது. மதுரைப் பக்கம் பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்தவர்களை 1920 ஏப்ரல் 3ம் தேதி சுட்டார்கள். மெட்ராஸில் அந்தச் சட்டம் ஒழிந்தது 1947ல்தான். அமெரிக்காவிலும் செவ்விந்தியர்களை ஒதுக்கு நிலத்தில் அடைத்து, எல்லை தாண்ட அனுமதிச் சீட்டு கேட்ட காலம் உண்டு. 1890ல் வூண்டட் நீயில் பெண்டு பிள்ளைகளோடு சுட்டுக் குவித்ததும் நடந்தது. அந்தக் கால வெள்ளைக்காரன் ஒருத்தன் நம்ம ஏரியாவை வைத்து ஒரு 'ஈஸ்டர்ன்' எடுத்திருந்தால் தொப்பியும் குதிரையும் நமக்கு வந்திருக்காது மக்கா. புரியாத பாஷை பேசுகிற கூட்டம் நாமாகத்தான் இருந்திருப்போம்.

மொழிபெயர்ப்புக் காமெடி வேண்டாம் என்றா சொல்கிறேன்? அதே காட்சியை அப்படியே திருப்பிப் போட்டால் போதும். திருச்சுழிப் பக்கம் ஒரு வேப்பமரத்தடி, மேசை, மைப்பெட்டி, ரேகைப் புத்தகம். துரை வியர்த்து வழிய இங்கிலீஷில் முக்கால் மணி நேரம் பேசுகிறார். சட்டம், ஒழுங்கு, நாகரிகம், மகாராணி எல்லாம் வருகிறது. பக்கத்தில் துபாஷி, தலையைச் சொறிந்துகொண்டு, 'மை தீரப் போகுதாம், சீக்கிரம் வைக்கச் சொல்றாரு' என்கிறார். கூட்டத்தில் ஒரு கிழவர் ரொம்ப யோசித்து ஒரு கேள்வி கேட்கிறார்: 'தொரைக்கு ரேகை எடுத்தாச்சா?'

இதை துபாஷி இங்கிலீஷில் எப்படிச் சொல்வார் என்று எம்.எஸ். பாஸ்கரிடமே விட்டுவிடலாம். கிழவராகவும் அவரே நடிக்கட்டும்.