எட்டடி சமையலறைக்கு ஒரு லென்ஸ்

பெரியம்மா இறந்த அன்று, ஃப்ரீசர் பெட்டி வந்து சேர்வதற்கு முன்பே அண்ணன் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "பெருசு பண்ற மாதிரி அம்மாவோட நல்ல போட்டோ யார்கிட்டயாவது இருக்கா?"

வாசலில் நாங்கள் பதினொரு பேர் நின்றிருந்தோம். எல்லோர் கையிலும் போன். எல்லா போனிலும் ஆயிரக்கணக்கில் படங்கள். தேடினால், ஒன்றில் பெரியம்மா பந்தியில் குழம்பு வாளியோடு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். இன்னொன்றில் பேரனின் தலைக்குப் பின்னால் பாதி முகம். கடைசியில் ஒரு கல்யாண குரூப் போட்டோவிலிருந்து அவரை மட்டும் வெட்டி எடுத்தோம். இடது தோளில் யாருடையதோ ஒரு கை இருந்தது. ஸ்டுடியோக்காரர் அந்தக் கையை அழித்து, புடவையைச் சரிசெய்து, பின்னால் நீல வானத்தை ஒட்டிக் கொடுத்தார். இன்றைக்கும் மாலை போட்டு மாட்டியிருப்பது அதுதான். பெரியம்மா ஒருநாளும் அப்படி இருந்ததில்லை.

காரியம் முடிந்து திரும்பும்போது காரில் அம்மா சொன்னார்: "எனக்கு இந்த மாதிரி ஆகாசத்த ஒட்டி வெச்சுராதீங்க. இப்பவே ஒரு நல்ல போட்டோ எடுத்து வெச்சுரு கண்ணு."

குரலில் வருத்தமே இல்லை. கடைக்குப் போனால் தேங்காய் எண்ணெய் வாங்கி வா என்பது போலத்தான் சொன்னார். எனக்குத்தான் கோவை வந்து சேரும்வரை பேச்சு வரவில்லை.

மகளின் நடன நிகழ்ச்சிக்காக வாங்கிய கேனான் ஆர்50 மிரர்லெஸ் கேமரா ஒன்று பீரோவில் தூங்கிக்கொண்டிருந்தது. அடுத்த சனிக்கிழமை அதை எடுத்துக்கொண்டு கோபிக்குப் போனேன்.

அம்மாவுக்கு எழுபத்து நான்கு வயது. கூடத்தில் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னால், மூச்சைப் பிடித்துக்கொண்டு ரேஷன் கார்டு போட்டோவாக மாறிவிடுவார். அவர் அவராக இருப்பது காலை ஆறு மணிக்கு, சமையலறையில்தான். அந்த அறை எட்டடிக்கு ஏழடி. கிழக்கே ஒரு சின்ன ஜன்னல், மேலே ஒரு டியூப் லைட். அவ்வளவுதான் வெளிச்சம்.

கேமராவோடு வந்த 18-45 ஜூம் லென்ஸில் எடுத்துப் பார்த்தேன். முகம் பரவாயில்லை, ஆனால் காபி ஆற்றும் கை வெறும் புகையாகத் தெரிந்தது. காரணம் எளிது. அந்த லென்ஸை 45-க்கு நீட்டினால் அதன் வாய் எஃப் 6.3 அளவுக்குத்தான் திறக்கும். அந்த அறையின் வெளிச்சத்துக்கு, ஐஎஸ்ஓ 3200 வைத்தும் ஷட்டர் வேகம் நொடியில் பதினைந்தில் ஒரு பங்குதான் கிடைத்தது. லென்ஸில் ஆட்டம் தடுக்கும் வசதி உண்டு. ஆனால் அது என் கை நடுக்கத்தைத்தான் தடுக்கும். அம்மாவின் கையை அது நிறுத்தி வைக்காது.

பெங்களூரில் இருக்கும் தம்பி போனில் சொன்னான்: "அக்கா, ஒரு பிரைம் லென்ஸ் வாங்கிடு."

பிரைம் என்றால் ஜூம் இல்லாத லென்ஸ். ஒரே ஒரு குவியத்தூரம். கிட்டே வேண்டுமென்றால் நாம்தான் கிட்டே போக வேண்டும். ஜூமுக்கான கண்ணாடிகளும் நகரும் பாகங்களும் இல்லாததால் அளவு சின்னது, வாயோ பெரியது. எஃப் எண் குறையக் குறைய வாய் அகலும். எஃப் 6.3-க்குப் பதில் எஃப் 1.8 என்றால் உள்ளே வரும் வெளிச்சம் சுமார் பன்னிரண்டு மடங்கு. பதினைந்தில் ஒரு பங்கு நொடி, நூற்று எண்பதில் ஒரு பங்காகிவிடும். ஆற்றுகிற காபி அந்தரத்தில் நிற்கும்.

என் கேமராவுக்குப் பொருந்துகிற, கைக்கு அடக்கமான பிரைம் லென்ஸ்களில் மூன்றைக் குறித்துக்கொண்டேன். மூன்றும் கேனானின் ஆர்எஃப் வகை: 16 மி.மீ. எஃப் 2.8, 28 மி.மீ. எஃப் 2.8, 50 மி.மீ. எஃப் 1.8. எடை முறையே 165, 120, 160 கிராம். 28 மட்டும் இன்னும் விசேஷம். தடிமன் இரண்டரை சென்டிமீட்டர்கூட இல்லை. தோசைக்கல் மாதிரி தட்டையாக இருப்பதால் இந்த வகைக்கு 'பேன்கேக்' என்றே பெயர்.

தம்பி 50 என்றான். யூடியூபில் எல்லோரும் 50 என்றார்கள். கடைக்காரத் தம்பியும், "ஆளுங்கள எடுக்கறதுக்கு 50-தான்க்கா. பின்னாடி எல்லாம் அப்படியே கரைஞ்சு போயிரும்" என்றார். மூன்றில் விலை குறைவும் அதுதான். கிட்டத்தட்ட முடிவு செய்துவிட்டேன். நல்லவேளையாக அலுவலகத் தோழி ஒருத்தியிடம் அதே லென்ஸ் இருந்தது. ஒரு வாரக் கடைசிக்கு இரவல் வாங்கிப் போனேன்.

முதல் பிரச்னை, நிற்க இடம் இல்லை. அம்மாவைத் தலை முதல் கால் வரை சட்டத்துக்குள் கொண்டுவர, அந்த லென்ஸுக்குச் சுமார் பதினான்கு அடி தள்ளி நிற்க வேண்டும். இடுப்புக்கு மேல் மட்டும் என்றாலே ஆறரை அடி. எட்டடி அறையில், அம்மாவும் அடுப்பு மேடையும் போக எனக்கு எங்கே இடம்? கூடத்தில் ஃபிரிட்ஜ் ஓரம் சாய்ந்துகொண்டு, நிலைப்படி வழியாக எடுத்தேன். "அங்க நின்னு என்ன கண்ணு பண்ற? உள்ள வா" என்று அம்மா கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

படங்கள் என்னவோ அழகுதான். கண் இமை ஒவ்வொன்றும் துல்லியம். பின்னால் எல்லாம் உருகிய வெண்ணெய். பெருமையாக அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. இது எங்க எடுத்தது?"

நாற்பத்தைந்து வருடமாக நிற்கிற சமையலறை அவருக்கே அடையாளம் தெரியவில்லை. எனக்குப் பெரியம்மாவின் நீல வானம் நினைவுக்கு வந்தது. அதை ஸ்டுடியோக்காரர் ஒட்டினார். இதை நான் லென்ஸை வைத்தே செய்திருக்கிறேன்.

கோவை திரும்பியதும் கொஞ்சம் பொறுமையாகக் கணக்குப் போட்டேன். '50-தான் நம் கண் பார்ப்பது போல் இருக்கும்' என்ற பேச்சு ஃபிலிம் காலத்திலிருந்து வருவது. அந்த ஃபிலிம் கட்டம் 36 மி.மீ. அகலம். என் கேமராவின் சென்சாரோ 22.3 மி.மீ.தான். ஜன்னல் சின்னதானால் அதே இடத்தில் நின்றாலும் வெளியே தெரிவது குறையும், இல்லையா? அதே கதைதான். என் கேமராவில் எந்த லென்ஸைப் போட்டாலும் அதன் எண்ணை 1.6-ஆல் பெருக்கிப் பார்க்க வேண்டும். 50 போட்டால் 80 ஆகிவிடுகிறது. 28 போட்டால் 45.

ஹென்றி கார்ட்டியே பிரெஸ்ஸோன் என்ற பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞரைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1950 ஏப்ரலில் திருவண்ணாமலையில் ரமண மகரிஷியின் கடைசி நாட்களைப் படமெடுத்தவர். லைக்கா கேமராவில் பெரும்பாலும் 50 மி.மீ. லென்ஸையே பயன்படுத்தினார். அவர் பார்த்த அகலம் என் கேமராவில் வேண்டுமென்றால் 31 மி.மீ. லென்ஸ் தேவை. அதாவது, 50 என்று எழுதியிருக்கிற லென்ஸைவிட 28 என்று எழுதியிருப்பதுதான் அவருடைய 50-க்குப் பக்கத்தில் நிற்கிறது. பெட்டி மேல் இருக்கிற எண்ணை மட்டும் பார்த்திருந்தால் ஏமாந்திருப்பேன்.

அப்படியானால் 16? அறை முழுவதும் விழும், உண்மைதான். ஆனால் அம்மா சட்டத்தில் பெரிதாகத் தெரிய வேண்டுமென்றால் முகத்துக்கு இரண்டடியில் போய் நிற்க வேண்டும். அவ்வளவு கிட்டே போனால் மூக்கு பெரிதாகும், காது பின்னால் ஓடும். இது லென்ஸின் குற்றமல்ல, தூரத்தின் குணம். செல்ஃபியில் முகம் உப்பித் தெரிவதும் இதனால்தான். 28-இல் இடுப்புக்கு மேல் எடுக்க மூன்றே முக்கால் அடி போதும். முழு உருவத்துக்கு எட்டடி. மூன்றே முக்கால் அடி என்பது, அம்மா தோசை சுடும்போது நான் மேடையில் சாய்ந்துகொண்டு கதை பேசுகிற தூரம்.

காசு கொடுப்பதற்கு முன் இன்னொரு சோதனையும் செய்தேன். வீட்டில் ஜூம் லென்ஸ் இருக்கிறவர்கள் நீங்களும் செய்யலாம். பழைய படங்களின் விவரத்தைத் திறந்து, எந்தக் குவியத்தூரத்தில் எடுத்தது என்று பாருங்கள். என் வீட்டுப் படங்களில் பாதிக்கு மேல் 24-க்கும் 32-க்கும் நடுவில்தான் இருந்தன. பிறகு ஜூம் வளையத்தை 28 பக்கத்தில் வைத்து, ஒரு துண்டு டேப் ஒட்டிவிட்டேன். ஒரு வாரம் அதைத் தொடவில்லை. இரண்டு நாள் எரிச்சலாக இருந்தது. மூன்றாம் நாள், கேமராவைத் தூக்குவதற்கு முன்பே கால் தானாக நகர ஆரம்பித்தது.

கேமரா இல்லாதவர்கள் போனிலேயே பார்த்துக்கொள்ளலாம். பெரும்பாலான போன்களில் சாதாரண 1எக்ஸ் என்பது ஃபிலிம் கணக்கில் 24 முதல் 26 மி.மீ. வரை. 2எக்ஸ் அழுத்தினால் ஏறக்குறைய 50. அதாவது என் 28 லென்ஸ் பார்ப்பது மாதிரி. 3எக்ஸ் அழுத்தினால், என் கேமராவில் 50 மி.மீ. லென்ஸ் பார்ப்பது மாதிரி. உங்கள் வீட்டில், உங்கள் ஆட்களை எடுக்க எதில் நிற்க இடம் இருக்கிறது என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

28-ஐக் கேட்டபோது கடைக்காரத் தம்பிக்கு என்மேல் உண்மையிலேயே அக்கறை. "அக்கா, இதுல வெளிச்சம் கம்மி, விலை ஜாஸ்தி. நல்லா யோசிச்சீங்களா?" அவர் சொன்னதில் தப்பில்லை. 50-இல் வரும் வெளிச்சத்தில் பாதிகூட 28-இல் வராது. ஆனாலும் என் பழைய ஜூமை அதே 28-இல் வைத்து ஒப்பிட்டால் இரண்டரை மடங்குக்கு மேல் வெளிச்சம். வாங்கிவிட்டேன். அன்றிரவு விலையைச் சொன்னபோது வீட்டுக்காரர், "இத்தனூண்டு பொருளுக்கா?" என்று உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார்.

மறுபடி சமையலறை. ஐஎஸ்ஓ 4000, எஃப் 2.8, ஷட்டர் நூறில் ஒரு பங்கு. இந்த நூறுக்கும் ஒரு காரணம் உண்டு. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய டியூப் லைட்டும் சில எல்இடி விளக்குகளும் நொடிக்கு நூறு முறை மினுக்கும். கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். ஷட்டரை 1/100 அல்லது 1/50 வைத்தால் படத்தில் கறுப்புப் பட்டை விழாது. படத்தில் கொஞ்சம் மணல் தூவியது போல் இருக்கிறது. போன் திரையில் தெரியாது, பெரிதாக்கினால் தெரியும். அதை ஏற்றுக்கொண்டேன்.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். இந்த லென்ஸில் ஆட்டம் தடுக்கும் வசதி இல்லை, என் கேமரா உடலிலும் இல்லை. மகளின் அடுத்த மேடை நிகழ்ச்சிக்கு இதைக் கொண்டுபோய்ப் பயனே இல்லை. பத்தாவது வரிசையிலிருந்து அவள் எறும்பாகத் தெரிந்தாள். மேடைக்கும், திறந்த வெளியில் முகத்தை மட்டும் எடுப்பதற்கும் அந்த 50-தான் சரி. தம்பி சொன்னதும் கடைக்காரர் சொன்னதும் பொய்யில்லை. அவர்கள் மனதில் இருந்தது வேறு அறை, அவ்வளவுதான்.

கேமராவும் லென்ஸும் பேட்டரியும் சேர்ந்து அரைக் கிலோதான். பெரிய லென்ஸைப் பார்த்தால் "அதென்ன பீரங்கி மாதிரி" என்று முந்தானையை இழுத்துவிட்டுக்கொள்கிற அம்மா, இதைச் சட்டை செய்யவேயில்லை. பேசிக்கொண்டே எடுத்தேன். எடுத்துக்கொண்டே காபி குடித்தேன்.

அன்று மாலை படங்களைக் காட்டினேன். அம்மா தன் முகத்தைப் பார்க்கவே இல்லை. இரண்டு விரலால் திரையை விரித்து, பின்னால் இருந்த அலமாரியைப் பெரிதாக்கினார்.

"இந்தப் பித்தளைப் போசி எங்கம்மா கொடுத்தது. இந்தச் சம்படம் உங்கப்பா மொதல் சம்பளத்துல வாங்குனது, மூடி மட்டும் வேற. காலண்டர பாரு, கரண்ட் பில் கட்டுன தேதிய வட்டம் போட்டு வெச்சிருக்கேன்."

அப்பா தன் முதல் சம்பளத்தில் ஒரு சம்படம் வாங்கினார் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"சரிம்மா, இதுல எதப் பெருசு பண்ணட்டும்?"

ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். ஒன்றில் தலை சரியாக வாரவில்லை. ஒன்றில் புடவை பழசு. ஒன்றில் மிக்ஸி துடைக்காமல் இருக்கிறது.

"எதுவும் சரியில்ல கண்ணு. அடுத்த வாரம் வந்து எடு."

அது நடந்து எட்டு மாதம் ஆகிறது. சனிக்கிழமை தவறாமல் போய்க்கொண்டிருக்கிறேன். அம்மாவுக்கு இன்னும் ஒரு படமும் பிடிக்கவில்லை.