வழிபாட்டுக்கு முதலிடம்: ஆசீர்வாதப்பரின் சட்டநூல்

அன்றாட வாழ்வில் இறைவழிபாட்டுக்கு முதலிடம் தர வேண்டும் என்று மறையுரைகள் இடையறாது வற்புறுத்தினாலும், அந்த இடம் நாளின் எந்தப் பொழுதில், எந்த வேலையை நிறுத்துவதால் கிடைக்கிறது என்பதை விளக்குவோர் குறைவு. அதைத் துணிந்து வரையறுத்த பழைய நூல்களுள் ஒன்று, தமிழ்க் கத்தோலிக்கர் ஆசீர்வாதப்பர் என்று அழைக்கும் நூர்சியாவின் பெனடிக்ட், ஆறாம் நூற்றாண்டில் இத்தாலியில் தம் மடத்துத் துறவியருக்கென எழுதிய சட்டநூலாகும். பகலில் ஏழு முறையும் இரவில் ஒரு முறையும் துறவியர் கூடிப் பாடும் பொதுச் செபத்தை அந்நூல் இறைப்பணி என்று குறிப்பிடுகிறது. திருப்பாடல்கள், அதாவது சீர்திருத்தச் சபையினர் சங்கீதங்கள் என்று வழங்கும் 150 பாடல்களும், ஒரே வாரத்துக்குள் பாடி முடியும்படி அவற்றைப் பங்கிட்டும் தருகிறது.

இறைப்பணிக்கான அழைப்பொலி கேட்டவுடன் கையிலிருப்பதை அப்படியே வைத்துவிட்டு விரைந்து வர வேண்டும், அதற்கு மேலாக எதையும் கருதலாகாது என்பது அந்நூலின் 43ஆம் இயல் விதிக்கும் கட்டளை. உள்ளத்தின் உருக்கமோ மன்றாட்டின் நீளமோ இங்கு அளவுகோல் அன்று; கூடிச் செய்யும் மன்றாட்டு சுருக்கமாகவே அமைய வேண்டும் என்று 20ஆம் இயல் முன்னரே சொல்லிவிடுகிறது. இரண்டு கடமைகள் ஒரே நேரத்தில் எதிர்ப்படும்போது எது காத்திருக்க வேண்டும் என்பதே கேள்வி. ஆயினும், இவ்வளவு கண்டிப்பான நூல், மனிதர் தாமதமாகவே வருவார்கள் என்பதையும் அறிந்து வைத்திருக்கிறது: இரவுச் செபத்தின் தொடக்கத்தில் வரும் 95ஆம் திருப்பாடலை, தூக்கம் கலையாதவரும் வந்து சேரும்படி, வேண்டுமென்றே மெதுவாக இழுத்துப் பாடச் சொல்கிறது. அதற்குப் பின்னும் பிந்தி வந்தவரை வாசலில் நிறுத்தாமல் உள்ளே தனியிடத்தில் நிற்க வைக்கிறது; வெளியே விட்டால் அவர் திரும்பப் போய்ப் படுத்துக்கொள்ளலாம், அல்லது உட்கார்ந்து வீண்கதை பேசலாம் என்பதே அதற்குச் சொல்லப்படும் காரணம். துறவியரின் இயல்பை அருகிலிருந்து பார்த்த ஒருவர்தாம் இப்படி எழுதியிருக்க முடியும்.

இதைவிடக் கூர்ந்து நோக்கத்தக்கது 36ஆம் இயல். நோயுற்றோரைப் பேணுவது எல்லாவற்றுக்கும் முன்பாகவும் மேலாகவும் வைக்கப்பட வேண்டும் என்று அங்கே கூறப்படுவதால், ஒரே நூலில் இரண்டு முதலிடங்கள் உள்ளன என்றாகிறது. இதை முரண்பாடு என்று தள்ளிவிடுதல் எளிது. ஆனால், நோயாளிக்குச் செய்யும் பணி கிறிஸ்துவுக்கே செய்யப்படுவது என்று அவ்வியல் காட்டும் காரணத்தை ஏற்றால், வழிபாட்டுக்கு வழிவிட வேண்டியது பிறர் துன்பம் அன்று, அவரவர் ஈடுபாட்டிலிருக்கும் வேலையே என்பது தெளிவாகும். காய்ச்சலில் கிடக்கும் குழந்தையின் அருகே விழித்திருந்து ஞாயிறு திருப்பலியைத் தவறவிட்ட தாய் 43ஆம் இயலின் கட்டளையை மீறியவள் அல்லள். கணக்கேட்டை மூட மனமின்றி மாலைச் செபத்தைத் தள்ளிப்போடும் வணிகரைத்தான் அது நேரடியாகச் சுட்டுகிறது.

மடத்தின் ஒழுங்கு இல்லறத்தாருக்கு அப்படியே பொருந்தாது என்பதைத் திருச்சபைகள் உணர்ந்தே இருந்தன. இங்கிலாந்துத் திருச்சபையின் 1549ஆம் ஆண்டுப் பொது வழிபாட்டு நூல் அந்தப் பல வேளைச் செபங்களைக் காலை, மாலை என்று இரண்டாகச் சுருக்கியது. 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் பொதுநிலையினரும் வேளைச் செபங்களைச் சொல்லலாம் என்று ஊக்குவித்தது. தமிழகக் கத்தோலிக்கப் பங்குகளில் மூவேளைச் செபத்துக்காக அடிக்கப்படும் மணியும் இந்த மரபைச் சார்ந்ததே. வேலை நேரம் வாரந்தோறும் மாறும் செவிலியருக்கோ நெடுந்தொலைவு ஓட்டும் ஓட்டுநருக்கோ அந்த மணி எட்டாது. எனினும் தொலைவில் வேலை செய்வோரும் பயணத்தில் இருப்போரும் உரிய நேரத்தில் தாம் இருக்கும் இடத்திலேயே செபிக்கட்டும் என்று ஆசீர்வாதப்பரின் சட்டநூலின் 50ஆம் இயலும், அதில் தரப்பட்ட திருப்பாடல் பங்கீடு பிடிக்காதவர் வேறுவிதமாக அமைத்துக்கொள்ளட்டும், ஆனால் வாரத்தில் 150 பாடல்களும் குறையக் கூடாது என்று 18ஆம் இயலும் இடந்தருகின்றன.