பள்ளக்கோட்டில் ஓடும் பந்தயக் கார்கள்

பொழுதுபோக்குகள் பலவகைப்படும். முத்திரை சேர்ப்போர் உண்டு. பழைய நாணயம் தேடுவோர் உண்டு. பொகவந்தலாவையில் வாழும் நானோ, மின்சாரத்தால் ஓடும் பழைய விளையாட்டுக் கார்களைச் சேர்த்து, ஞாயிறுதோறும் ஓட்டி மகிழ்கின்றேன். “நரைத்த பின்னும் விளையாட்டா?” என நகைக்கும் நண்பர்களுக்கு விடையாகவே இதனை எழுதலானேன்.

இங்கிலாந்தைச் சேர்ந்த பிரெட் பிரான்சிஸ் என்பார் முதலில் ‘ஸ்கலெக்ஸ்’ என்னும் தகரக் கார்களைச் செய்து விற்றார். அவை சுருள்வில்லின் விசையால் ஓடுவன. பின்னர் அவற்றில் மின்மோட்டாரைப் பொருத்தி, 1957ஆம் ஆண்டு ஹரோகேற் நகரில் நடந்த விளையாட்டுப் பொருட் கண்காட்சியில் வைத்தார். ‘எலெக்ட்ரிக்’ என்பதன் வாலும் ஒட்டிக்கொள்ள, ‘ஸ்கலெக்ஸ்ட்ரிக்’ என்ற பெயர் பிறந்தது. அடுத்த ஆண்டே லைன்ஸ் சகோதரர் நிறுவனம் அதனை விலைக்கு வாங்கிற்று.

இதன் இயக்கம் எளிது. பாதையின் நடுவே ஒரு பள்ளக்கோடு. அதன் இருமருங்கிலும் 12 வோல்ட் மின்சாரம் பாயும் உலோகத் தகடுகள். உண்மைக் காரில் 32இல் ஒரு பங்கு அளவான சிறு கார், தன் அடியிலுள்ள முளையைப் பள்ளத்தில் ஊன்றி ஓடும். செல்லும் திசையைக் கோடு தீர்மானித்துவிடுகிறது. வேகம் ஒன்றே நம் கையில் உள்ளது. நேர்ப்பாதையில் எவரும் வீரரே! வளைவில் வேகத்தைத் தணிக்காதவரின் கார் பாதையை விட்டுப் பாய்ந்து குப்புற வீழும். நோர்வூட் சாலையின் வளைவுகளில் பஸ் செலுத்தும் சாரதிகளுக்கு இதனைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மலைநாட்டுக்குக் கார்ப் பந்தயம் புதியதன்று. நுவரெலியாவின் மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் 1930களிலேயே தொடங்கியதாகும். ஆனால் பந்தயமும் பந்தய விளையாட்டுப் பெட்டியும் அந்நாளில் பங்களாவுக்கே உரியவை. என் தந்தையார் ஒரு துரை பங்களாவில் பணிபுரிந்தவர். துரை மகனுக்காக விறாந்தையில் பாதை விரிப்பதும், வீழ்ந்த காரை எடுத்து மீண்டும் பள்ளத்தில் வைப்பதும், மாலையில் துடைத்து மூடுவதும் அவர் வேலை. கார் ஓட்டும் கைப்பிடியை மட்டும் அவர் கை தொட்டதில்லை.

1975இல் கம்பெனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. துரை குடும்பம் தாய்நாடு திரும்பியபோது அந்தப் பெட்டி எங்கள் வீட்டுக்கு வந்தது. வந்தென்ன? லயத்தில் மின்சாரம் இல்லையே! பல்லாண்டுகள் அது பரணில் உறங்கிற்று. மின்சாரம் கிடைத்த பின்னர் ஒருநாள் பாதையை விரித்து, கைப்பிடியைத் தந்தையாரிடம் கொடுத்தேன். முதல் வளைவிலேயே கார் பறந்து வீழ்ந்தது. அவர் வாய்விட்டுச் சிரித்தார். “தொரை மகனும் இந்த எடத்துலதாம்பா விழுந்தாரு” என்றார். அவ்வாறு அவர் சிரித்து நான் அதற்குமுன் கண்டதில்லை.

அன்று தொடங்கியதே என் சேகரிப்பு. எங்கள் மழைக்கும் மூடுபனிக்கும் தகடுகள் விரைவில் துருவேறும். மை அழிக்கும் றப்பரால் அவற்றை மெல்லத் தேய்க்கிறேன். மின்சாரத்தைத் தொட்டெடுக்கும் செப்புப் பின்னல் தேய்ந்தால் மாற்றுகிறேன். இறுகிப்போன ரயர்களைக் கழற்றிப் புதியன இடுகிறேன். மோட்டாருக்கு ஒரு துளி எண்ணெய் போதும். மிகுந்தால் அதுவே கேடு.

அண்மையில் கொழும்பு அன்பர் ஒருவர் அந்தப் பெட்டியை நல்ல விலைக்குக் கேட்டார். “ஓட்ட ஓட்டத் தேய்மானம், தேயத் தேய விலை குறையும். விற்காவிடினும் கண்ணாடி அலுமாரியில் பூட்டி வையுங்கள்” என்றார். அவர் கூறியது வணிகருக்குச் சரி. ஆயினும், தொடாதே என்று சொல்லி வைக்கப்பட்ட பொருளாக அஃது ஒரு காலம் இருந்து முடிந்தது. மீண்டும் ஒரு கண்ணாடிக்குப் பின்னே அதனை வைக்க என் மனம் ஒப்பவில்லை.

எனவே ஞாயிறு பிற்பகலில் லயத்துப் பிள்ளைகள் வந்து ஓட்டுகிறார்கள். கொழுந்து பறிக்கும் தாயின் மகள், எட்டு வயதுச் சிறுமி, இன்று எங்களில் எவரையும் தோற்கடிப்பாள். வளைவுக்கு ஒரு கணம் முன்னர் பிடியைத் தளர்த்தும் நுட்பம் அவளுக்கு வாய்த்திருக்கிறது. ரயர் தேய்ந்தால் வேறு வாங்கலாம். அவளுடைய ஞாயிற்றுக்கிழமையை எந்தக் கடையில் வாங்குவது?