நகரத்தை இழந்தவரும் நகரத்தைப் பெறாதவரும்

கொழும்பை விட்டு வந்த முதற் சில வாரங்களில் நாம் இரவில் நன்றாக உறங்கவில்லை. வெள்ளவத்தைக் கடலோரமாக ஓடும் புகையிரதத்தின் ஓசையைக் கேட்டே 9 ஆண்டுகள் உறங்கிப் பழகிய செவிக்கு, குடாநாட்டுக் கிராமமொன்றின் அமைதி பெருந்தொல்லையாக இருந்தது. பனையோலை சலசலக்கும், எங்கோ ஒரு நாய் குரைக்கும், அப்புறம் ஒன்றுமில்லை. நாம் பிறந்த ஊர் இங்கிருந்து 15 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள இன்னொரு கிராமமே. அப்படியிருந்தும், தாய்மண்ணுக்குத் திரும்பியவனுக்குரிய மகிழ்ச்சி எமக்கு ஏற்படவில்லை. எதையோ தொலைத்துவிட்டு வந்தவனுடைய தவிப்பே ஏற்பட்டது. இதனை வெளிப்படையாகச் சொல்ல முதலில் வெட்கப்பட்டோம்.

1990இல் நின்றுபோன யாழ்தேவி 2014 ஒற்றோபரில் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. அவ்வாண்டின் இறுதியிலேதான் நாம் முதல் நியமனம் பெற்றுக் கொழும்பு சென்றோம். 2023 இறுதியில் இடமாற்றம் பெற்றுத் திரும்பினோம். திரும்பிய நாள் தொட்டு ஆசிரிய நண்பர்கள் எம்மிடம் கேட்கும் வினா ஒன்றே: கொழும்பில் இருந்தவருக்கு இங்கே என்ன குறையாகத் தெரிகின்றது?

வினா ஒன்றாயினும் எமது விடை காலத்துக்குக் காலம் மாறி வந்திருக்கின்றது. தொடக்கத்தில் நாம் சொன்னவை நாக்கும் காலும் இழந்தவற்றையே. நள்ளிரவிலும் காலி வீதியிற் கேட்கும் கொத்துரொட்டிக் கல்லின் தாளம். எந்நேரமும் கிடைக்கும் ஒரு பிளேன்ரீ. ஒன்று போனால் அடுத்தது வந்து நிற்கும் 100ஆம், 101ஆம் இலக்கப் பஸ்கள். மாலையில் காலிமுகத்திடலில் முகத்தில் மோதும் உப்புக்காற்று. இவையெல்லாம் உண்மையே. ஆயினும் இவற்றைச் சொல்லி முடித்த பின்னரும், சொல்லாத ஒன்று நெஞ்சில் எஞ்சி நின்றது.

இவ்விடத்தில் ஒன்றைத் தெளிவுபடுத்துதல் கடமையாகும். நாம் கொழும்பைச் சுவர்க்கமென்று சொல்ல வரவில்லை. 1958இலும் 1977இலும் 1983இலும் தமிழர் இரத்தம் சிந்திய வீதிகள் அந்நகரத்திலும் உள்ளன. போர்க்காலத்தில் அங்கு தங்கிய தமிழர், பொலிஸ் பதிவுத் துண்டைச் சட்டைப்பையிற் சுமந்தே வாழ்ந்தனர். நாம் சென்ற காலத்தில் அந்நிலை தணிந்திருந்தது. ஆனால் எமது சம்பளத்தின் பெரும்பகுதியை ஓர் அறையின் வாடகை விழுங்கிற்று. மாடமாளிகைகளின் நிழலிலே, ஒரு மழைக்கு முழங்காலளவு வெள்ளம் புகும் குடிசைகளையும் நாம் கண்டிருக்கின்றோம். இவை யாவும் தெரிந்திருந்தும் அந்நகரத்துக்காக மனம் ஏங்குகின்றதென்றால், அந்த ஏக்கத்தின் அடிப்படை யாது?

முதலாவது, நூலகம். கொழும்புப் பொது நூலகம் 1925இல் நிறுவப்பட்டது. அதன் வாசிப்பு மண்டபத்தில் ஓய்வூதியம் பெறும் முதியவரும், வேலை தேடும் இளைஞனும், பரீட்சைக்குப் படிக்கும் மாணவியும் ஒரே மேசையில் அமர்ந்திருப்பர். சிங்களம், தமிழ், ஆங்கிலம் என மூன்று மொழிப் பத்திரிகைகளும் அங்கே கைமாறும். வெள்ளவத்தையில், 1942இல் தொடங்கப்பட்ட கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகத்தில், பல்கலைக்கழகக் காலத்திற் பெயரளவில் மட்டும் அறிந்திருந்த நூல்கள் பலவற்றை நாம் கையில் எடுத்துப் படித்தோம். 2022இல் காலிமுகத்திடலில் மக்கள் கூடாரமடித்துப் போராடியபோது, அப்போராட்டக் களத்திலும் ஒரு நூலகம் தோன்றிற்று. அதே இடத்தில் அவ்வாண்டு மே 18ஆம் நாள் முள்ளிவாய்க்கால் நினைவுக் கஞ்சி வழங்கப்பட்டது. சிங்கள இளைஞர்களும் அதனை வாங்கி அருந்தினர். மனிதர் கூடுமிடத்தில் எண்ணங்கள் கூடுகின்றன. எண்ணங்கள் கூடுமிடத்தில் பழைய சுவர்கள் சற்றேனும் அசைகின்றன.

இரண்டாவதைச் சொல்லுதல் சற்றுக் கடினம். அதற்கு ஒரு நிகழ்ச்சியைக் கூறவேண்டும்.

இங்கு வந்த முதல் வாரத்தில் ஊர்ப் பெரியவர் ஒருவர் எம்மைத் தமது வீட்டுக்கு அழைத்தார். “மாஸ்ரர் எவ்விடம்?” என்றார். ஊரைச் சொன்னோம். “அங்கை எந்தப் பக்கம்?” என்றார். குறிச்சியைச் சொன்னோம். “கோயிலுக்குக் கிட்டவோ?” என்றார். ஆமென்றோம். “அப்ப இவரைத் தெரிஞ்சிருக்குமே” என்று ஒரு பெயரைச் சொன்னார். அவர் எமது பெரிய தகப்பனார் என்றோம். பெரியவரின் முகம் மலர்ந்தது. “பிறகென்ன, எங்கடை ஆள்தானே! பிள்ளை, மாஸ்ரருக்குத் தேத்தண்ணி கொண்டு வா” என்று உள்ளே குரல் கொடுத்தார். விறாந்தையில் நல்ல கதிரையொன்று இழுத்துப் போடப்பட்டது. பூப்போட்ட கோப்பையில் தேநீர் வந்தது. முற்றத்தில் வேலி அடைத்துக்கொண்டிருந்த வயோதிபர் ஒருவருக்கும் தேநீர் கொடுத்தார்கள். அவருடையது வேறு பாத்திரம். அது வேலிக் கதியாலில் தலைகீழாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அவர் நின்றபடியே குடித்தார்.

நான்கு வினாக்களில் எம்மை அளந்து முடித்துவிட்டார் பெரியவர். அந்நான்கிலும் சாதி என்ற சொல் இல்லை. தீண்டாமையைத் தண்டனைக்குரிய குற்றமாக்கும் சட்டம் 1957இலேயே இந்நாட்டில் வந்துவிட்டது. 1966 ஒற்றோபர் 21ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி எழுச்சி ஊர்வலம் சென்றது. தேநீர்க் கடைகளிலும் கோயில் வாயில்களிலும் மனிதர் அடிபட்டும் உயிர்கொடுத்தும் சமத்துவம் கேட்டனர். இவற்றையெல்லாம் நாம் மாணவர்க்குக் கற்பிப்பவர். ஆயினும் அன்று என்ன செய்தோம்? அந்தக் கதிரையில் அமர்ந்தோம். அந்தத் தேநீரை முழுவதும் குடித்தோம். நன்றி கூறி எழுந்து வந்தோம்.

அன்றிரவுதான் கொழும்பில் எதை இழந்தோம் என்பது புலனாயிற்று. 101ஆம் இலக்கப் பஸ்ஸின் மிதிபலகையில் ஒருவன் தோளை ஒருவன் பற்றி நின்றபோது, எம்மை எவரும் எந்தப் பக்கமென்று கேட்டதில்லை. தேநீர்க் கடையில் அடுத்தவன் குடித்த கோப்பையே கழுவி எமக்குத் தரப்பட்டது. யாரென்று அறியப்படாமல் வாழும் அந்த உரிமையை நகரம் எமக்குக் கேளாமலே கொடுத்திருந்தது. கொழும்பிலும் திருமணப் பேச்சென்று வந்துவிட்டால் வெள்ளவத்தையும் ஒரு குறிச்சியாகிவிடும் என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் வீதியிலும் பஸ்ஸிலும் நூலக மேசையிலுமாவது மனிதன் வெறும் மனிதனாக இருக்க அங்கே இடமிருந்தது.

இவ்வளவில் எமது சிந்தனை நின்றிருந்தால் அது ஒரு மத்தியதர வர்க்கத்தவனின் பெருமூச்சாகவே முடிந்திருக்கும். அதனை முன்தள்ளியவள் எமது மாணவி ஒருத்தி.

11ஆம் தர மாணவர்க்கு, ‘நகர வாழ்க்கையும் கிராம வாழ்க்கையும்’ என்ற தலைப்பிற் கட்டுரை எழுதக் கொடுத்தோம். தலைமுறை தலைமுறையாகக் கொடுக்கப்பட்டு வரும் தலைப்பு அது. முப்பதுக்கு மேற்பட்ட கொப்பிகளிலும் ஒரே கட்டுரையே இருந்தது: கிராமம் தூய காற்றும் அன்பும் நிறைந்தது, நகரம் புகையும் வஞ்சகமும் நிறைந்தது. வழிகாட்டி நூலிலிருந்து வந்த கிராமம் அது. அதில் வேலிக் கதியாலும் இல்லை, கவிழ்த்த பாத்திரமும் இல்லை. ஒரு கொப்பி மாத்திரம் வேறாக இருந்தது. அம்மாணவி எழுதியிருந்ததன் சாரம் இது: “நகரத்திலிருந்து வந்தவர்கள் அதை நினைத்துக் கவலைப்படுகிறார்கள். வைத்திருந்து இழந்தவருக்குத்தான் கவலை வரும். எங்களுக்கு அந்தக் கவலைக்கும் வழியில்லை. என் அக்கா 4 வருடமாகக் கட்டுநாயக்காவில் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். அங்கே பெரிய நூலகம் இருக்கிறதா என்று கேட்டேன். விடுதி அறையையும் தொழிற்சாலையையும் தவிர வேறொன்றும் தனக்குத் தெரியாது என்றாள்.”

கொப்பியைத் திருத்தச் சிவப்புப் பேனாவை எடுத்த கை அப்படியே நின்றுவிட்டது. கட்டுநாயக்கா வர்த்தக வலயம் 1978இல் தொடங்கப்பட்டது. அன்றிலிருந்து எத்தனையோ ஆயிரம் கிராமத்துப் பெண்கள் அங்கு சென்றுள்ளனர். அவர்களும் நகரத்துக்குப் போனவர்களே. ஆனால் நாம் இழந்ததாகப் புலம்பும் நகரம் அவர்களுக்குக் கிடைக்கவேயில்லை. அவ்வாறாயின் நாம் இழந்தது கொழும்பையன்று. மாதச் சம்பளமும், மாலையில் ஓய்வும், நூலக அட்டையும் உடைய ஒருவனுக்குக் கொழும்பு கொடுத்த சலுகைகளையே. நகரத்தை இழந்தவனின் துயரம் சிறிது. நகரத்தின் நடுவிலும் அதைப் பெறாதவரின் துயரமே பெரிது.

இந்த ஏற்றத்தாழ்வு இயற்கையின் விதியன்று. பிரித்தானிய ஆட்சியாளர் தமது வாணிபத்துக்காகவே கொழும்பை வளர்த்தனர். 1867இல் கண்டிக்குப் போடப்பட்ட புகையிரதப் பாதை மலைநாட்டு விளைபொருளைத் துறைமுகத்துக்கு இறக்கிற்று. தோட்டத் தொழிலாளரின் உழைப்பு கப்பலேறிற்று. செல்வம் குவிந்த இடத்திலேயே நூலகமும் மண்டபமும் மருத்துவமனையும் குவிந்தன. அவற்றை நாடெங்கும் பகிர முடியாதென்பதும் பொய். 1945இல் இலவசக் கல்வி வந்தது; கிராமத்து ஏழைப் பிள்ளை பல்கலைக்கழகம் வரை செல்ல வழி பிறந்தது. அவ்வழியாற் சென்றவருள் நாமும் ஒருவர். 1958இல் பஸ் சேவை தேசியமயமாக்கப்பட்டது. இலாபம் தராத பாதையிலும் பஸ் ஓடவேண்டும் என்ற கொள்கை அன்று ஏற்றுக்கொள்ளப்பட்டது. பொதுவுடைமையான ஒன்று நகர எல்லையோடு நிற்கத் தேவையில்லை என்பதற்கு இவை சான்று.

யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிக்கப்பட்டது. அந்த நெருப்பை எண்ணி நாம் இன்றும் கொதிக்கின்றோம், அது நியாயமே. அந்நூலகம் மீண்டும் எழுந்து நிற்கின்றது. ஆனால் எமது ஊர்ப் பிள்ளை அங்கு சென்று திரும்ப இரண்டு பஸ் மாறவேண்டும்; 6 மணிக்குப் பின்னர் ஊருக்குப் பஸ் இல்லை. ஊரிலும் ஒரு சிறு நூலகம் உண்டு. பாடசாலையும் தனியார் வகுப்பும் முடிந்து மாணவர் வரும் நேரத்தில், தோட்ட வேலை முடித்து அவர்தம் பெற்றோர் வரும் நேரத்தில், அதன் கதவு பூட்டப்பட்டிருக்கும். எரிக்கப்பட்ட நூலகத்துக்காகக் கண்ணீர் விடும் நாம், பூட்டப்பட்ட நூலகத்தைக் கண்டு பேசாதிருக்கின்றோம்.

அம்மாணவியின் கட்டுரை எம்மை அங்கேதான் கொண்டுபோய் நிறுத்திற்று. நூலகத்தை மாலை 7 மணி வரை திறக்குமாறும், அதற்குச் செல்லும் ஒழுங்கைக்கு வெளிச்சம் போடுமாறும் கேட்டு ஒரு மனு எழுதினோம்; ஊரவர் பலர் கையொப்பமிட்டனர். ஆளணி இல்லை என்று பதில் வந்தது. இரண்டாவது மனு போயிருக்கின்றது. அதுவரை, அதிபரின் அனுமதியோடு, வாரத்தில் இரண்டு மாலைகள் ஒரு வகுப்பறையைத் திறந்து வைக்கின்றோம். நூல்கள் சிலவே. முதல் நாள் இரு குறிச்சிப் பிள்ளைகளும் இரு வேறு வாங்குகளில் அமர்ந்தனர். அடுத்த நாள் மேசைகளை ஒன்றாக இணைத்து, ஒரே நீள மேசையாக்கினோம். சில பெற்றோர் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டனர். நின்றவர்களில் ஒருவன் மாத்திரம் இதுவரை திரும்பி வந்திருக்கின்றான். கட்டுரை எழுதிய மாணவி ஒரு நாளும் தவறியதில்லை.

சென்ற மாதம் பெரியவரைச் சந்தியிற் கண்டோம். “மாஸ்ரர், நான் உங்களை எங்கடை ஆள் எண்டெல்லோ நினைச்சன்” என்றார். அவர் குரலிற் கோபத்தைவிட வருத்தமே மிகுந்திருந்தது. “எல்லாருக்கும் உரிய ஆளாக இருக்க விடுங்கோ, ஐயா” என்றோம். முதல் வாரமே சொல்லியிருக்கவேண்டிய வார்த்தை அது, காலந்தாழ்ந்தேனும் சொன்னோம். அவர் ஒன்றும் பேசாமல் நடந்தார்.

நகரத்தை விட்டு வந்த ஆசிரியர்கள் நம்மில் பலர். ஓய்வறையில் அமர்ந்து கொழும்பை எண்ணிப் பெருமூச்செறிவதில் நாம் எவரும் குறைந்தவரல்லர். அந்தப் பெருமூச்சை வீணாக்க வேண்டியதில்லை. எதற்காக ஏங்குகின்றோமோ அது எவ்வெவர்க்கு இன்னும் கிடைக்கவில்லை என்று கணக்கெடுப்போம். அதனை அவர்களோடு சேர்ந்து கேட்போம். எமது இரண்டாவது மனுவுக்குப் பதில் இன்னும் வரவில்லை. மூன்றாவதை அம்மாணவியே எழுதவிருக்கின்றாள்.