224 என்பதும் கழித்தல் 32 என்பதும்

தரவுத்தளத்தைத் தாங்கும் சேவையகத் தொகுதியில், எக்ஸ்86 வகைச் செயலிகளோடு மின்செலவு குறைந்த ஆர்ம் வகைச் செயலிகளையும் கலந்து ஓட்டும் எண்ணம் பெரும்பாலும் செலவுக் கணக்கிலிருந்தே பிறக்கிறது. எண்ணம் பழையதுதான். இந்திய ரயில்வேயின் முன்பதிவு முறை நெடுங்காலம் நம்பியிருந்த ஓப்பன்விஎம்எஸ் இயங்குதளம், வாக்ஸ் செயலியும் ஆல்ஃபா செயலியும் ஒரே தொகுதியில் இயங்க இடமளித்தது. இயங்குதள வட்டு ஒவ்வொரு வகைக்கும் தனியாக இருக்க, தரவு வட்டுகள் மட்டும் பொதுவாயின. எழுதப்பட்ட பைட்டை இரு செயலிகளும் ஒரே பொருளில் படிக்கும் என்ற உறுதியே அந்த ஏற்பாட்டின் அடிப்படை.

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் இந்த உறுதி எளிதில் கிடைப்பதில்லை. முதன்மைச் சேவையகத்தின் வட்டு மாற்றங்களைப் பைட் பிசகாமல் நகலெடுக்கும் பௌதிகப் பிரதியாக்கத்துக்கு, செயலிக் கட்டமைப்பு இருபுறமும் ஒன்றாக இருக்கவேண்டும் என்று அதன் ஆவணமே சொல்கிறது. ஆனால் இன்றைய 64 பிட் எக்ஸ்86, ஆர்ம் இரண்டும் எண்ணின் பைட்டுகளை ஒரே வரிசையில் அடுக்குவதால் நகல் தடையின்றி ஓடிவிடுகிறது. ஓடுகிறதே என்ற துணிச்சலில் எச்சரிக்கை மறக்கப்படுகிறது.

சிக்கல் தமிழில் வெளிப்படும். சி மொழியின் ‘சார்’ என்ற ஒரு பைட் வகைக்குக் குறை எண் உண்டா என்பதை அம்மொழி வரையறுக்காததால், லினக்ஸில் எக்ஸ்86 அதை −128 முதல் 127 வரையிலும், ஆர்ம் 0 முதல் 255 வரையிலும் படிக்கின்றன. ஆங்கில எழுத்துகள் யாவும் 128க்குக் கீழே இருப்பதால் அவற்றுக்கு வேறுபாடில்லை. ‘ப’ என்ற எழுத்தோ யுடிஎஃப்-8 முறையில் 224, 174, 170 என மூன்று பைட்டுகள். முதல் பைட் ஆர்முக்கு 224, எக்ஸ்86க்கு −32.

சொற்களை மும்மூன்று குறிகளாக நறுக்கித் தேடும் பிஜி_டிஆர்ஜிஎம் என்ற நீட்சி, தமிழ்த் துண்டுகள் மூன்று பைட்டுக்குள் அடங்காததால் அவற்றைச் சுருக்கெண்ணாக மாற்றி, அந்த எண்ணின் வரிசைப்படி இன்டெக்ஸில் அடுக்குகிறது. சுருக்கெண்ணின் பைட்டும் 127ஐத் தாண்டக்கூடியதே. ஆகவே, தமிழில் தொடக்ககால நூல்களை அச்சிட்ட அண்டிரிக் அடிகளார் காலத்து அச்சு நூல்களின் பட்டியலொன்றை எக்ஸ்86 சேவையகத்தில் அடுக்கி, ஆர்ம் நகலில் ‘புன்னக்காயல்’ என்ற ஊர்ப்பெயரைத் தேடினால், தேடல் பொருந்தும் பதிவைத் தவறவிட்டு, பிழைச்செய்தி எதுவுமின்றி ‘பதிவு இல்லை’ என்று திரும்பக்கூடும். சேவையகம் நின்றுபோனால் உடனே தெரிந்துவிடும். இந்தப் பொய்யான இன்மை எவர் கண்ணிலும் படாது.

2025இல் வந்த போஸ்ட்கிரெஸ் 18ஆம் பதிப்பு, தரவுத்தளம் ‘சார்’ வகையின் எந்த வழக்கத்தில் பிறந்தது என்பதைக் கட்டுப்பாட்டுக் கோப்பில் குறித்துவைத்து, நகலும் அதையே பின்பற்றச் செய்கிறது. முந்தைய பதிப்புகளில், பைட்டுகளை விட்டு வரிசைகளின் மதிப்புகளை மட்டும் அனுப்பும் தருக்கப் பிரதியாக்கமே தக்கது. பெறும் சேவையகம் தன் இன்டெக்ஸைத் தானே கட்டிக்கொள்ளும். அட்டவணை அமைப்பின் மாற்றங்களைத் தருக்கப் பிரதியாக்கம் எடுத்துச் செல்லாததால் வேலை கூடும் என்பது உண்மையே. எந்த வழியானாலும், ஆங்கிலப் பெயர்களால் மட்டும் நிரப்பிய சோதனைத் தரவு இக்குறையைக் காட்டாது.