செருப்புக் கட்சியும் சுரைக்குடுக்கைக் கட்சியும்

ராத்திரி நேரம். ஜெருசலேமில் ரோம ஆளுநரின் அரண்மனைச் சுவரில் ரோமர்களுக்கு எதிராக லத்தீனில் கோஷம் எழுதிக்கொண்டிருக்கிறான் பிரையன். கையும் களவுமாகப் பிடிக்கிறான் நூற்றுவர் தலைவன். தலையைச் சீவப்போகிறான் என்று நாம் நினைத்தால், அவன் இலக்கணப் பிழை பார்க்கிறான். காதைத் திருகி வேற்றுமை கேட்கிறான், கழுத்தில் வாளை வைத்து உருபு கேட்கிறான். கடைசியில் தண்டனை, நூறு தடவை இம்போசிஷன். விடியும்போது சுவர் முழுக்கப் புரட்சிக் கோஷம், பிழையில்லாத லத்தீனில்.

அந்த இடத்தில் கேசட்டை நிறுத்தச் சொன்னவர் எங்கள் விடுதி வார்டன், சேசு சபைப் பாதிரியார். கோபம் வந்துவிட்டது என்று பயந்தோம். “எங்களுக்கும் இப்படித்தான்டா லத்தீன் சொல்லிக்கொடுத்தாங்க, வாள் மட்டும் கிடையாது” என்றார். பிறகு, “அந்த வாத்தியானே தப்பாச் சொல்றான், கவனிச்சீங்களா? அது இடவேற்றுமை இல்ல, இரண்டாம் வேற்றுமை.” எங்களுக்கு என்ன தெரியும்? தலையாட்டினோம். அந்த நூற்றுவர் தலைவனாக நடித்த ஜான் கிளீஸ், கேம்பிரிட்ஜ் போவதற்கு முன்பு தான் படித்த பள்ளியிலேயே லத்தீனும் சொல்லிக்கொடுத்தவர் என்பதைப் பின்னால்தான் படித்தேன். ஃபாதரிடம் சொல்லியிருந்தால் அவருக்கும் எழுதவைத்திருப்பார், நூறு தடவை.

‘லைஃப் ஆஃப் பிரையன்’, 1979. எடுத்தது மான்டி பைத்தான் குழு. 1969 முதல் பிபிசியில் தலையும் வாலும் இல்லாத துண்டு நாடகங்களைப் போட்டுப் பேர் வாங்கிய ஆறு பேர். துண்டு துண்டாக யோசித்தே பழகியவர்கள் என்பது இந்தப் படத்திலும் தெரியும். நடுவில் விண்கலம் ஒன்று வந்து பிரையனைத் தூக்கிக்கொண்டு போகிறதே, அது எனக்கு இன்றுவரை ஒட்டவில்லை. ரோமர்கள் நமக்கு என்ன செய்தார்கள் என்று கேட்டுவிட்டு, கால்வாய், சாலை, சாக்கடை என்று பட்டியல் நீளும் காட்சியை ஆளாளுக்கு மேற்கோள் காட்டியே தேய்த்துவிட்டார்கள். ஆனால் யூதேயா மக்கள் முன்னணி, ரோமர்களைவிட யூதேய மக்கள் முன்னணியை வெறுக்கும் காட்சி தேயவில்லை. மூன்றாவது முன்னணிக்கு ஒரே ஓர் உறுப்பினர். தனியாகத் தூரத்தில் உட்கார்ந்திருக்கிறார். சிறு இயக்கங்களின் தேநீர்க்கடைக் கூட்டங்களில் உட்கார்ந்து எழுந்த எவருக்கும் அவரை அடையாளம் தெரியும். எனக்குத் தெரிந்த ஒருவர் அதே மாதிரிதான் கால்மேல் கால் போட்டிருப்பார்.

இந்தப் படத்துக்குப் பணம் வந்த கதையே தனிப் படம். படப்பிடிப்புக்குக் கிளம்பும் நேரத்தில் கதையைப் படித்துப் பதறிய ஈஎம்ஐ நிறுவனம் கையை விரித்தது. பீட்டில்ஸ் ஜார்ஜ் ஹாரிசன் வீட்டை அடமானம் வைத்துப் பணம் புரட்டினார். காரணம், அந்தப் படத்தைப் பார்க்க ஆசைப்பட்டாராம். கிருஷ்ண நாமத்தைப் பாட்டில் வைத்த மனிதர் இதற்குப் படியளந்தார் என்பதில் எனக்கு ஒரு முரணும் தெரியவில்லை. துனீசியாவின் மொனாஸ்தீரில் படப்பிடிப்பு. சில வருஷங்களுக்கு முன் செஃபிரெல்லி ஏசுவின் வாழ்க்கையைப் பக்தியோடு எடுத்த இடம் அது. உள்ளூர்க் கிழவர்கள் பலர் அதிலும் தலைகாட்டியவர்கள். செஃபிரெல்லி இப்படி எடுக்கமாட்டாரே என்று இயக்குநர் டெர்ரி ஜோன்ஸிடம் குறைப்பட்டுக்கொண்டார்களாம்.

படத்தில் பிரையனை இரட்சகன் என்று நம்பித் துரத்தும் கூட்டத்தைத்தான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். பிரையன் ஓடுகிறான், ஒரு செருப்பு கழன்று விழுகிறது. உடனே அது அடையாளமாகிவிடுகிறது. நாமும் ஒரு செருப்பைக் கழற்ற வேண்டும் என்கிறது ஒரு பிரிவு. இல்லை, அவன் விட்டுப்போன சுரைக்குடுக்கையைத்தான் பின்பற்ற வேண்டும் என்கிறது இன்னொன்று. அவன் இன்னும் மூச்சு வாங்கி முடிக்கவில்லை, மதம் இரண்டாகிவிட்டது. மறுநாள் காலை ஜன்னலைத் திறக்கிறான், உடம்பில் பொட்டுத் துணியில்லை, கீழே ஊரே திரண்டு நிற்கிறது. யாரையும் பின்பற்றாதீர்கள், நீங்கள் ஒவ்வொருவரும் தனித்தனி ஆள் என்று கெஞ்சுகிறான். ஆமாம், நாங்கள் தனித்தனி ஆள் என்று ஒரே குரலில் கத்துகிறார்கள். நான் இல்லை என்கிறது ஒரு மெல்லிய குரல். அந்த வருஷம் வந்த படங்களில் அதைவிடப் புத்திசாலியான பாத்திரம் கிடையாது என்பது என் கட்சி.

ஏசு படத்தில் வருகிறார், மலைப்பிரசங்கத்தில். கேலி ஒரு பொட்டும் இல்லை. கேலியெல்லாம் பின்வரிசையில் காது கேட்காமல் ஆளுக்கொரு அர்த்தம் செய்துகொள்கிறவர்கள் மேல்தான். 1979 நவம்பரில் பிபிசி விவாதத்தில் படத்தை வெளுத்து வாங்கிய பத்திரிகையாளர் மால்கம் மக்கரிட்ஜும் சதக் பிஷப்பும், படம் போட்டபோது தாமதமாக வந்து ஆரம்பப் பகுதியைத் தவறவிட்டவர்கள். பின்வரிசைக்காரர்களாவது முழுக்க உட்கார்ந்திருந்தார்கள்.

மக்கரிட்ஜை எங்கள் ஃபாதருக்குப் பிடிக்கும். அன்னை தெரசாவை உலகத்துக்கு அறிமுகப்படுத்திய அவருடைய புத்தகம் ஃபாதரின் அலமாரியில் இருந்தது. இளம் வயதில் கேரளத்து ஆலுவாயில் கல்லூரி வாத்தியாராக இருந்தவர் என்பதால் கொஞ்சம் நம்மூர்க்காரர் என்ற பாசம் வேறு. அவர் இந்தப் படத்தைத் திட்டினாராமே என்று கேட்டதற்கு, “பெரியவங்களுக்கும் அஜீரணம் வரும்” என்றார், அதற்குமேல் பேசவில்லை.

அயர்லாந்து 1987 வரை படத்தைத் தடை செய்தது. நார்வே சிறிது காலம் தடுத்தது. அதையே ஸ்வீடன்காரர்கள் விளம்பரமாக்கினார்கள், நார்வே தடை செய்யுமளவுக்குச் சிரிப்பான படம் என்று. பிரிட்டனிலும் பல நகராட்சிகள் கதவைச் சாத்தின. தங்கள் எல்லைக்குள் ஒரு தியேட்டர்கூட இல்லாத நகராட்சிகளும் அதில் உண்டு.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது வேல்ஸின் அபெரிஸ்ட்வித் ஊர்க் கதை. பிரையனின் காதலி ஜூடித்தாக நடித்த சூ ஜோன்ஸ்-டேவிஸ் கிட்டத்தட்ட முப்பது வருஷம் கழித்து அந்த ஊர் மேயரானார். தன் படத்துக்கு இன்னும் தடை இருக்கிறதா என்று அதிர்ந்தார். 2009இல் டெர்ரி ஜோன்ஸும் மைக்கேல் பேலினும் வந்திறங்க, கோலாகலமாகத் திரையிட்டார்கள். அதற்குச் சற்று முன்புதான் ஒரு மாணவர் பழைய காகிதங்களைக் கிளறிப் பார்த்திருக்கிறார். தடையைப் பற்றி நகராட்சி பேசியதோடு சரி, தடையே போடவில்லை. விழா எப்படியும் நடந்தது.